கடையில் நிற்கும் மகன் எந்தக் கணக்கில் வருவான்?

கேள்வி: மகன் பி.இ. முடித்து இரண்டு வருடமாக வேலை தேடுகிறான். எங்கள் மளிகைக் கடையில் கூடமாட நிற்கிறான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் இருக்கிறது. நாட்டில் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்கிறார்களே, நம்பலாமா? அதில் இவன் உண்டா? பதிவு மூப்பை ஏற்றித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம். பதிந்த தேதிதான் மூப்பு, அதை யாராலும் முன்னே தள்ள முடியாது. பதிவும் புதுப்பித்தலும் இணையத்திலேயே இலவசம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால்தான் மூப்பு போகும். அந்தப் பயத்தை வைத்துத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். "உதவித்தொகை வாங்கித் தருகிறேன்" என்று அடுத்து வருவார்கள். தமிழ்நாட்டில் அது பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்கு. பொறியியல் படித்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

சரி, 3.2க்கு வருவோம். அது பொய்க் கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்கு ஆள் போய்க் கேட்டு எழுதுவது அது. உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், மகனை வேலையில் இருப்பவன் என்றே எழுதியிருப்பார்கள். வருடத்தில் 30 நாள் கடையில் நின்றாலே போதும். சம்பளம் வாங்காவிட்டாலும் குடும்பத் தொழிலில் உதவுபவர் தொழிலாளிதான்.

இதில் ஒரு விசித்திரம். வீட்டுத் தேவைக்கு மாடு வளர்த்துப் பால் கறக்கும் பெண் வேலை செய்பவர். அதே வீட்டுக்குத் துணி தைப்பவர், சமைப்பவர், விறகு பொறுக்குபவர் கணக்கில் வேலை செய்பவரும் இல்லை, வேலையில்லாதவரும் இல்லை. பால் விளைபொருள், தைத்த சட்டை அப்படியில்லை என்பது விதி. அதையே விற்பனைக்குத் தைத்தால் வேலை ஆகிவிடும். தையல் மெஷின் அதேதான், சட்டையும் அதேதான்!

வேலை தேடுவதையும் விட்டு, கிடைத்தாலும் போகத் தயாராக இல்லாதவர்களும் இப்படித்தான் கணக்குக்கு வெளியே போய்விடுவார்கள். வேலை தேடுபவர்களையும், தேடாவிட்டாலும் வேலைக்குத் தயாராக இருப்பவர்களையும் மட்டும்தான் வேலையில்லாதவர் என்று எழுதுகிறார்கள்.

3.2 என்பது 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு, ஆண்டுக் கணக்கில், அதாவது கடந்த ஒரு வருடத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டதில் வந்தது. அதே அறிக்கையில், கடந்த ஏழு நாளை மட்டும் கேட்கும் வாரக் கணக்குப்படி 4.9. அந்த முறையிலும் ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் வேலையில் இருப்பவர்தான். 15 முதல் 29 வயது வரை மட்டும் பார்த்தால், ஆண்டுக் கணக்கிலேயே 10.2. மேடையில் பேசுகிறவர்கள் வசதியான எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். எந்த முறை, எந்த வயது என்று ஒரு வரி சேர்த்துப் போடச் செய்திக்காரர்களுக்கும் மனம் வருவதில்லை. 2025 ஏப்ரல் முதல் மாதாமாதம் எண் வெளியாகிறது. அது வாரக் கணக்கு. அதை 3.2 உடன் ஒப்பிட்டு ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

உங்கள் மகன் வயதுக்காரர்கள் நிலை தெரிய வேண்டுமானால் 15-29 எண்ணைப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி போட்டித் தேர்வு எழுத வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு தேவையில்லை. ஆனாலும் புதுப்பிக்கும் மாதத்தைக் குறித்து வைத்து, அவனையே இணையத்தில் செய்யச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை பிரவுசிங் சென்டரில் யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்.