ஐந்து ரூபாய்க் காசும் இருண்ட ஆற்றலும்

கேள்வி: பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் நிலையானது அல்ல, காலப்போக்கில் மாறுகிறது போலிருக்கிறது என்று 2025 மார்ச்சில், விண்மீன் மண்டலங்களை அளந்து வரைபடமாக்கும் டெசி (DESI) குழு அறிவித்தது. ஏறக்குறைய அதே தரவை வைத்துக்கொண்டு வேறு சிலர் ‘பழைய மாதிரியே போதும்’ என்கிறார்கள். இருப்பது ஒரே பிரபஞ்சம். தீர்ப்பு மட்டும் எப்படி இரண்டு?
– வாசகி, தென்காசி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஓர் ஐந்து ரூபாய்க் காசைப் பத்துத் தடவை சுண்டினேன். ஏழு தலை, மூன்று பூ. என் காசு கோணலா?

காசு நேர்மையானது என்றால், பத்தில் ஏழு தலை விழ 11.7 சதவீத வாய்ப்பு. கோணல் கட்சிக்காரர் வருகிறார்: “தலை விழும் வாய்ப்பை 0.7 என்று வையுங்கள் சார், 26.7 சதவீதம் வரும்.” இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் அந்த 0.7ஐ அவர் எங்கிருந்து எடுத்தார்? நான் சுண்டி முடித்த பிறகு மேசையைப் பார்த்து எடுத்தார். முன்கூட்டியே கேட்டிருந்தால் “0 முதல் 1 வரை எதுவாகவும் இருக்கலாம்” என்றுதான் சொல்லியிருப்பார். சரி, அத்தனைக்கும் சேர்த்துச் சராசரி போடுவோம். அவருக்குக் கிடைப்பது 11இல் ஒரு பங்கு, அதாவது 9.1 சதவீதம். நேர்மையான காசு கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ஒன்பது தலை விழுந்திருந்தால் கதையே வேறு: நேர்மைக்கு 1 சதவீதம்கூடத் தேறாது, கோணலுக்கு அதே 9.1.

இந்தச் சராசரியைத்தான் பேயீசிய முறையில் ‘சான்று’ என்கிறார்கள். ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேயஸ் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1763இல் அச்சேறிய கட்டுரையில் தொடங்கிய சங்கதி.

இப்போது டெசிக்கு வருவோம். அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீட்டர் தொலைநோக்கி. அதில் 5,000 ரோபோக்கள். ஒவ்வொன்றும் ஓர் ஒளியிழையைத் தனக்குரிய விண்மீன் மண்டலத்தின் மேல் நகர்த்தி நிறுத்தும். முதல் மூன்று வருடத்தில் விண்மீன் மண்டலங்களும், குவாசர்கள் என்னும் தொலைதூரப் பிரகாசப் புள்ளிகளுமாக ஏறக்குறைய 1.5 கோடி. இதைப் பெருவெடிப்பின் மிச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியுடன் சேர்த்தால், மாறும் இருண்ட ஆற்றலுக்கு 3.1 சிக்மா ஆதரவு (சிக்மா கூடக் கூட, ‘தற்செயல்’ என்று தள்ளுவது கடினம்). சூப்பர்நோவாக்கள் என்னும் வெடிக்கும் விண்மீன்களையும் சேர்த்தால், எந்தப் பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 வரை.

இருண்ட ஆற்றல் மாறாது என்னும் பழைய லாம்டா மாதிரிக்கு ஆறு அளவுருக்கள், அதாவது தரவுக்குப் பொருந்தும்படி திருகிக்கொள்ளும் எண்கள். புதியதற்குக் கூடுதலாக இரண்டு. திருக இரண்டு குமிழ் அதிகம் இருந்தால் பொருத்தம் கூடத்தான் செய்யும். சிக்மா கணக்கில் அந்த இரண்டுக்கும் கழிவு உண்டு. ஆனால் காசின் ‘0 முதல் 1 வரை’ போல அவை எவ்வளவு அகலத்தில் திரியலாம் என்பதற்குக் கழிவு கிடையாது. பேயீசியக் கணக்கில் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2025இல் அப்படிப் போட்டுப் பார்த்தபோது, டெசியையும் பிளாங்க் விண்கலத்தின் நுண்ணலைத் தரவையும் சேர்த்தால் லாம்டா பக்கமே லேசான சாய்வு. இரண்டுக்கு ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாத அளவு. ஒரு சூப்பர்நோவா பட்டியலைச் சேர்த்ததும் தராசுத் தட்டு மறுபக்கம் இறங்கியது. அந்தப் பட்டியலும் டெசியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கட்சி.

கேள்வி: ‘0 முதல் 1 வரை’ என்று எல்லை வைப்பது யார்? அதை மாற்றினால் தீர்ப்பும் மாறாதா? இது ஏமாற்று வேலை இல்லையா?
– வாசகர், கோவை

பதில்: மாறும். கோணல்காரர் சுண்டுவதற்கு முன்பே “0.6க்கும் 0.8க்கும் நடுவில்” என்று எழுதிக் கொடுத்திருந்தால், அவருடைய சராசரி 9.1இலிருந்து சுமார் 25 சதவீதமாக ஏறி, அவரே ஜெயித்திருப்பார். துணிந்து குறுக்கிச் சொன்னவருக்குப் பரிசு, நியாயம்தானே? ஆனால் விளைவைப் பார்த்த பிறகு எல்லையைக் குறுக்கினால், அது நீங்கள் சொன்ன ஏமாற்று வேலைதான். அண்டவியல்காரர்களின் பாதிச் சண்டை இந்த எல்லையைப் பற்றியது. எல்லையை மேசைமேல் எழுதிவைத்துவிட்டுச் சண்டை போடுகிறார்களே, அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிளாங்க் 2018 தரவில், நுண்ணலை ஒளி வழியில் வளைவதை அளந்த தகவலைச் சேர்க்காமல் பார்த்தால், பந்தின் மேற்பரப்புபோல வளைந்து தன்னையே மூடிக்கொள்ளும் பிரபஞ்சத்துக்கு 50க்கு 1க்கு மேல் பந்தய விகிதம் வருகிறது என்று கேம்பிரிட்ஜ் அண்டவியலாளர் வில் ஹேண்ட்லி காட்டினார். ஆனால் பிளாங்கோடு விண்மீன் மண்டலப் பரவல் அளவீடுகளையும் சேர்த்தால் பிரபஞ்சம் தட்டை என்றே வருகிறது. ஒத்துப்போகாத இரண்டு தரவை ஒட்டி வரும் அந்தத் தட்டையையும் சந்தேகத்தோடு பாருங்கள் என்பதுதான் அவர் சொன்னது.

கேள்வி: உங்கள் பந்தயம் எதில் சார்?
– அதே கோவை வாசகர்

பதில்: லாம்டாவில், இரண்டுக்கு ஒன்று. சூப்பர்நோவா துணையில்லாமலேயே டெசியின் முழுத் தரவு தராசுத் தட்டை மறுபக்கம் இறக்கிவிட்டால் கட்சி மாறிவிடுவேன். பந்தயக் காசு கைவசம் இல்லை. சுண்டியதைக் கொடுத்து என் மனைவி கறிவேப்பிலை வாங்கிவிட்டாள்.