ஏஐஓ லிக்விட் கூலர் (கணினியின் பிராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் கருவி) பம்ப் சத்தம் போடுகிறது, என்ன செய்யலாம்?

முதலில் சத்தம் பம்பிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது ரேடியேட்டர் (திரவத்தின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ஃபேன்களை ஒரு நிமிடம் நிறுத்தினாலே தெரிந்துவிடும்.

களகளவென்று கேட்டால் உள்ளே காற்றுக்குமிழி. காற்று உயரமான இடத்தில் போய்த் தங்கும். பம்ப் அந்த இடமாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரை கேபினட்டின் மேல்பக்கம் மாட்டுவதே நல்லது. முன்பக்கம் மாட்டினால் அதன் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பிறகு பம்ப் ஓடும்போதே கேபினட்டை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள் (ஹார்ட் டிஸ்க் ஓடினால் வேண்டாம்).

சீரான ரீங்காரமா? பயாஸைத் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) திறங்கள். நிலையான 12 வோல்ட் கேட்கும் பம்புக்கு ஃபேன் கர்வ் (வெப்பத்துக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) போட்டிருந்தால் முனகும். முழு வேகத்துக்கு மாற்றுங்கள்.

கரகரவென்று அரைத்தால் பெரும்பாலும் தேய்மானம்தான். பிரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும்.