நோய்க்கணக்கு எழுதும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தையும், உடன் அனுப்பிய மகளின் நோட்டுப் பக்கங்களையும் படித்தேன். பிளஸ் ஒன் படிக்கும் பெண் நீட் பயிற்சியில் மனம் வைக்காமல், பாலக்காட்டின் டெங்குக் கணக்கைக் கேரளச் சுகாதாரத் துறையின் அறிக்கையிலிருந்தும், கோயம்புத்தூர்க் கணக்கைச் செய்தித்தாளிலிருந்தும் வாராவாரம் குறித்துக்கொண்டிருக்கிறாள் என்று வருந்துகிறீர்கள். எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று: நீட்டுக்கு நேரம் கிடைக்கும் என்று அவளைக் கணிதம் இல்லாத பிரிவுக்கு மாற்ற எண்ணுகிறீர்கள். அதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

அந்த நோட்டில் எண் கிடைக்காத வாரங்களில் அவள் சுழியம் போடாமல் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். நோய் இல்லை என்பதும் தகவல் இல்லை என்பதும் வேறு வேறு என்பதைப் பட்டதாரிகளுக்கே நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனை குறைவதால் நாள்கணக்கு ஏறி இறங்கும் என்று ஏழு நாள் கூட்டுத்தொகையை எடுத்திருக்கிறாள். ஒரு வாரம் 48, அடுத்த வாரம் 60 என்றால் வளர்ச்சி 25 விழுக்காடு, அதே வேகம் நீடித்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கிடக் கற்றிருக்கிறாள். பிழையும் இருக்கிறது. ஒரு பஞ்சாயத்தில் 2 பேர் 4 பேரானதை 100 விழுக்காடு என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். இவ்வளவு சிறிய எண்களில் விழுக்காட்டை நம்பக் கூடாது என்று சொல்லுங்கள்.

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் வாழ்வது தொற்றுநோயியலுக்கு, அதாவது நோய் எங்கே, எப்போது, எவ்வளவு பரவுகிறது என்று ஆராயும் படிப்புக்கு, ஒரு வாய்ப்பு. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூன், ஜூலையில் டெங்கு ஏறும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் பெரிதும் ஏறும். ஆகவே ஒரே மாதத்து எண்களை அருகருகே வைத்து எந்த மாநிலம் மோசம் என்று கேட்பது பொருளற்றது. வாளையாறு தாண்டிக் கோவை மருத்துவமனையில் சேரும் உங்கள் ஊர் நோயாளி எந்த மாவட்டத்துக் கணக்கில் வருகிறார் என்பதையும் அவள் கேட்டுப் பார்க்கட்டும். 2021 ஜூலையில் கொரோனாத் தொற்று கேரளத்தில் மிகுந்திருந்தபோது பலர் அம்மாநிலத்தைக் குறை கூறினார்கள். ஆனால் அதே மாதம் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குருதி ஆய்வில், எதிர்ப்பொருள் (தொற்றாலோ தடுப்பூசியாலோ குருதியில் உருவாகும் தற்காப்புப் பொருள்) கொண்டவர்கள் நாடு முழுதும் 67.6 விழுக்காடு, கேரளத்தில் 44.4 விழுக்காடு மட்டுமே. தொற்றாதவர்கள் அங்கே மிகுதியாக மீந்திருந்தார்கள் என்பதை வளர்ச்சி விகிதம் மட்டும் காட்டியிருக்காது.

இனி வேலை. மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுகளில் தொற்றுநோயியல் வல்லுநர், தரவு மேலாளர் ஆகிய பணிகள் உள்ளன. பல ஒப்பந்தப் பணிகள் என்பதையும், கண்காணிப்பு அலுவலர் பொறுப்பு பெரும்பாலும் மருத்துவர்களுக்கே போகிறது என்பதையும் மறைக்க மாட்டேன். மருத்துவம் படித்தும் இத்துறைக்கு வரலாம். ஆனால் அதற்காகக் கணிதத்தை விட வேண்டியதில்லை. உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவிலேயே தொடர்ந்தால் இரு கதவும் திறந்திருக்கும். நீட் கைகூடாவிட்டால் புள்ளியியல் இளநிலை, பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உயிர்ப்புள்ளியியல் (மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியல்) முதுநிலை என்பது நல்ல வழி. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு கடினமானதுதான், எனினும் எழுதிப் பார்க்கலாம். பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்திலும், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்திலும் உண்டு. ‘டேட்டா சயின்ஸ்’ என்று விளம்பரப்படுத்தும் புதிய தனியார் கல்லூரிகளில் பணம் கட்டும் முன், புள்ளியியல் கற்பிக்க அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜூன் மாதப் பக்கங்களில் அவளிடம் கேட்க எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன.