பல் கிளினிக்கில் கருவிகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று நோயாளி எப்படித் தெரிந்துகொள்வது?

தண்டையார்பேட்டையில் ஒரு சின்னப் பல் கிளினிக்கில் ஒன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். கருவி கழுவுவது, பவுச்சில் போட்டு ஒட்டுவது, அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோக்ளேவ் மெஷினில் போடுவது எல்லாம் என் பொறுப்பு.

முதலில் பவுச்சைப் பாருங்கள். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். அதை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும். அதில் அச்சிட்ட குறி நிறம் மாறியிருக்கும். ஆனால் பவுச் சூட்டுக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டும்தான் அந்த நிறம் சாட்சி. கிருமி செத்ததா என்று பார்க்க, ஸ்போர் என்கிற சூடு தாங்கும் கிருமி வித்தை வைத்துச் செய்யும் ஸ்போர் டெஸ்ட் இருக்கிறது. எப்போது செய்தீர்கள் என்று தயங்காமல் கேட்கலாம்.

"கொதிக்க வைச்சுட்டோம்" என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடுங்கள். 100 டிகிரிக்கு ஸ்போர் அசையாது. அழுத்தத்தில் நீராவி 121 டிகிரிக்கு ஏறி 15 நிமிடமாவது நிற்க வேண்டும். 134 டிகிரி என்றால் மூன்று நான்கு நிமிடம் போதும். அப்புறம் உலர்த்தும் நேரம் தனி. ஈரமான பவுச் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். நீல விளக்கு எரியும் அந்த யூவி பெட்டி, சுத்தம் செய்ததை எடுத்து வைக்கத்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாதி ஓட்டத்தில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஆட்டோக்ளேவை இழுக்காது. காசிமேட்டிலிருந்து வந்த அக்கா ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்ததும், "மீதியை மட்டும் ஓட்டிடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "முதல்ல இருந்து போடும்மா" என்றார். அந்த அக்கா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

நான் இன்னொரு கிளினிக்குக்குப் போனால் முதலில் பார்ப்பது பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸைத்தான். கண்ணாடி, கொறடு எல்லாம் பவுச்சில் வரும். சில இடங்களில் அது மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டப்படும். சுழல்வது நிற்கும்போது எச்சிலும் ரத்தமும் அதற்குள் உறிஞ்சப்படலாம். வெளியே துடைத்து என்ன பயன்? ஒவ்வொரு ஆளுக்கும் அதையும் ஆட்டோக்ளேவில் போட வேண்டும். விலை அதிகம், குறைந்தது நாலைந்து வாங்கி வைக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

தண்ணீரும் முக்கியம். எங்கள் பக்கத்து போர் தண்ணீரை ஆட்டோக்ளேவில் ஊற்றினால் உப்புப் படிந்து மெஷின் போச்சு, டிஸ்டில்டு வாட்டர்தான். பல் பிடுங்கிய இடத்தைக் கழுவ, புதிதாகத் திறந்த சலைன் (கிருமி இல்லாத உப்பு நீர்). வாணியம்பாடியில் 2023-ல் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புள்ள மூளைத் தொற்றில் எட்டுப் பேர் இறந்தார்கள். திறந்து, சரியாக மூடாமல், திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் பாட்டில் மீதுதான் ஆராய்ந்தவர்களுக்குச் சந்தேகம்.

கிளவுஸ் போட்ட கையோடு டாக்டர் போனை எடுத்தால், மாற்றச் சொல்லுங்கள். எங்கள் டாக்டரம்மாவிடமே ஒரு பாட்டி, "அந்தக் கையோட வாயில வைக்காதம்மா" என்றார். சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொண்டார்.