சாட்ஸ்வொர்த்: நிறவெறி அரசு போட்ட வரைபடத்தில் ஒரு வாழ்க்கை

டவுன்ஷிப் (நிறவெறி அரசு வெள்ளையரல்லாதவர்களை ஒதுக்கிவைத்த குடியிருப்பு) என்றாலே கறுப்பினத்தவரின் சொவெட்டோதான் நினைவுக்கு வருகிறது, தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கும் அப்படி ஊர்கள் இருந்தனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தன, இன்றும் இருக்கின்றன. நான் வாடகைக்குக் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த் அப்படி ஒன்று. டர்பனுக்குத் தென்மேற்கே இருக்கிறது.

எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1950-ல் வந்தது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் சொந்த நிலம் வைத்திருந்த இந்தியர்கள், மேகசின் பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த நகராட்சித் தொழிலாளர்கள் என்று பலரையும் 60-களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இந்த இடமே அதற்கு முன் இந்தியர்களின் வாழைத்தோட்டம். அதையும் கையகப்படுத்தித்தான் வீடு கட்டினார்கள். ஒரு பக்கம் வெள்ளையர் பகுதி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கறுப்பினத்தவருக்கான உம்லாசி, நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி இந்தியர்கள். ஊரின் பகுதிகளுக்கும் எண், தெருக்களுக்கும் 706 என்கிற மாதிரி வெறும் எண்தான் கொடுத்தார்கள்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரான ஆயா மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். அங்கே நெருக்கடியான அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. இங்கே வந்ததும் சொந்தக் குழாய் கிடைத்தது, அதை அவர் மறுப்பதே இல்லை. ஆனால் அங்கிருந்து வேலைக்கு நடந்தே போன அவருடைய அப்பா, இங்கே வந்தபின் விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. சம்பளம் அதேதான், பஸ் காசும் வாடகையும் புதுச் செலவு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பகுதிக்குப் போய்விட்டார்கள். ஆயாவின் அம்மாவுக்குக் கைமாற்றாக அரிசி கேட்கக்கூட ஆள் இல்லை. இழந்தது என்ன என்று யாராவது கேட்டால் அவர் முதலில் சொல்வது அதைத்தான்.

அப்புறம் மெல்ல மெல்லக் கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டினார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது தெருவே ஆயாவின் வீட்டு வாசலில் நிற்கும். தமிழ் பேச வராத பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தேவாரம் பாடுவார்கள். கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

1991-ல் அந்தக் குழுப் பகுதிச் சட்டம் போய்விட்டது. ஆனால் வேலை இன்னும் தூரத்தில்தான். இப்போது எங்கள் தெருவில் கறுப்பினத்தவரான சுலு குடும்பங்களும் இருக்கின்றன, பிள்ளைகள் சேர்ந்தே பள்ளிக்குப் போகிறார்கள். பெரியவர்கள் மட்டும் சுலு மொழியில் ‘சவுபோனா’ என்று வணக்கம் சொல்லிவிட்டு அவரவர் கேட்டைச் சாத்திக்கொள்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் இப்படி இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.