வல்லூறு சொன்ன நீதி

அன்புள்ள சார்,

என் மகளுக்குப் படித்துக்காட்ட ஓர் ஆங்கிலக் கதைத் தொகுப்பு வாங்கினேன். பழைய கிரேக்கக் கதைகளின் மொழிபெயர்ப்பு. அதில் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொன்ன, வல்லூறும் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையும் வரும் கதையில், தன் பிடியில் இருக்கும் பறவையிடம் 'வலியவரை எதிர்ப்பவன் முட்டாள்' என்கிறது வல்லூறு. அதோடு கதை முடிந்துவிடுகிறது. மனசு கேட்கவில்லை, பறவை தப்பியதாக மாற்றிச் சொல்லிவிட்டேன். இது ஈசாப்பிடமிருந்து வந்ததா? எந்த மொழிபெயர்ப்பு நல்லது? இந்தக் கதைக்கு நீதிதான் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கிறீர்கள், மனம் நிறைந்தது. ஆனால் முடிவை மாற்ற உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? குழந்தை அழுதால் அழட்டும். அந்தப் பறவைக்காக அழத்தான் வேண்டும்.

ஈசாப்புக்கு முந்தையவர் ஹெசியட். அது கிடக்கட்டும். நீதி என்ன என்கிறீர்களே, அதைச் சொல்வது யார் என்று பார்த்தீர்களா? மேகத்துக்குள் தூக்கிப் போகிறது வல்லூறு. வளைந்த நகங்கள் குத்திக் கிழிக்க, பறவை அழுகிறது. 'ஏன் கத்துகிறாய்? பாடகியாகவே இருந்தாலும் நான் கொண்டுபோகிற இடத்துக்குத்தான் வருவாய். நினைத்தால் தின்பேன், நினைத்தால் விடுவேன்' என்கிறது வல்லூறு. அப்புறம்தான் அந்த நீதி. கொல்லப்போகிறவன் சொல்லும் நீதி அது. பறவைக்குப் பேச ஒரு வரிகூட இல்லை. விலங்கின் வாயில் நீதிமொழி பொருந்தாது என்று அந்த வரிகளை ஒதுக்கினார் பழைய கவிதைகளை ஆராய்ந்த அலெக்சாண்டிரியாவின் அறிஞர் அரிஸ்டார்க்கஸ். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

என் அப்பாவின் வயல் வரப்பைப் பக்கத்து நிலக்காரர் வெட்டிச் சேர்த்துக்கொண்டார். கேட்கப்போனபோது திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, 'பெரிய இடத்தோட மோதாதப்பா, உனக்குத்தான் கஷ்டம்' என்றார். புத்திமதி சொன்னவரும் அவர்தான், வரப்பை வெட்டியவரும் அவர்தான். அப்பா மோரைக் குடிக்கவில்லை. கூடப் போன எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஹெசியட்டை வாசித்தபோது அந்தத் திண்ணைதான் கண்ணில் நின்றது.

ஹெசியட்டுக்கும் சொத்துத் தகராறுதான். உடன்பிறந்தவன் பெர்சஸ், லஞ்சம் தின்னும் பிரபுக்களைக் கையில் போட்டுக்கொண்டு அதிகப் பங்கை எடுத்துக்கொண்டான். அந்தப் பிரபுக்களுக்குச் சொன்ன கதை இது. சொன்னவரும் ஒரு பாடகர். 'வேலைகளும் நாட்களும்' என்ற அந்தக் கவிதையில் கதை 202ஆம் வரியில் தொடங்கி 212இல் முடிகிறது. வல்லூறுக்குப் பதில் உடனே வருவதில்லை. 'பெர்சஸ், நீ நியாயத்தைக் கேள்' என்று தொடங்கிப் பேசிக்கொண்டே போய், 276ஆம் வரியில்தான் வருகிறது: மீனும் மிருகமும் பறவையும் ஒன்றையொன்று தின்னும், அவற்றிடம் நியாயம் இல்லை, மனிதருக்கோ கடவுளரின் தலைவர் ஜீயஸ் நியாயத்தைக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் தொகுப்பாசிரியர் பதினோரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்திருக்கிறார். பதிலை விட்டுவிட்டு வல்லூறின் பேச்சை மட்டும் அச்சடித்தால் அது வல்லூறின் புத்தகம். இது எனக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு நல்ல ஆங்கிலமாக இருந்தாலும் பொறுக்காது.

கிரேக்க, லத்தீன் நூல்களை ஆங்கிலத்தோடு வெளியிடும் லோப் வரிசையில் 1914இல் வந்த எவலின்-வைட்டின் உரைநடை மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் நீங்கள் 202லிருந்து 285 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். பிள்ளைக்கு அப்புறம் சொல்லலாம்.

அன்புடன்.