சான் ஸ்டார்முக்கு சுசூகி இன்ஜின் மாத்துறது வொர்த்தா?

கேள்வி: கடலூர்ல இருக்கேன். பி.ஒய். (புதுச்சேரி) நம்பர் சான் ஸ்டார்ம், அதான் அந்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், ஒண்ணு கைக்கு வந்திருக்கு. புகையுது, இழுவையே இல்ல. பழைய பெலினோ 1.6 இன்ஜினைத் தூக்கிப் போட்டுடலாம்னு ஒரு மெக்கானிக் சொல்றாரு. செலவு பண்ணலாமா?

இப்போதைக்குப் போடாதீங்க தம்பி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், ஏன்னா இதே கூத்தைப் பண்ணி லட்ச ரூபாய்க்கு மேல தொலைச்சவன் நான்.

என்கிட்ட 2003 மாடல் மாருதி எஸ்டீம் இருக்கு. ஸ்போர்ட்ஸ் கார் இல்லதான், ஆனா அந்தக் காலத்துல ரேலி ஓட்டுனவங்க நிறைய பேரு வச்சிருந்த வண்டி, எடை கம்மி, 1298 சிசி, 85 குதிரை. 2016-ல காலையில ஸ்டார்ட் பண்ணா பின்னாடி நீலமா புகை, ஆயிலும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. உடனே ஆளாளுக்கு பெலினோ இன்ஜின் போடு, 1590 சிசி, 94 குதிரை, ரெண்டும் சுசூகியோட ஒரே ஜி சீரிஸ் இன்ஜின் குடும்பம், அப்படியே உக்காந்துரும்னு ஏத்திவிட்டாங்க. நானும் சென்னையில பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைக்குப் போய் கியர்பாக்ஸோட சேத்து 32,000-க்கு ஒண்ணு வாங்கி டாட்டா ஏஸ்ல ஏத்திட்டு புதுச்சேரி முதலியார்பேட்டை வந்து சேந்தேன். 2015 டிசம்பர்ல சென்னையே முங்குன அடுத்த வருஷம் அது. அப்ப மலிவா கிடைக்கிற இன்ஜின் எங்க இருந்து வந்திருக்கும்னு கொஞ்சமாவது யோசிச்சிருக்கணும், யோசிக்கல.

மாட்டி ரெண்டு வாரம் ஓடுச்சு. ஒருநாள் ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் பால் ஊத்துன காபி மாதிரி கொழகொழன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஹெட்டைக் கழட்டுனோம். மூணாவது சிலிண்டர் சுவத்துல வளையல் மாதிரி சுத்தி ஒரு துருக்கோடு, தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு அளந்து கோடு போட்ட மாதிரி. வாட்டர் ஜாக்கெட் பூரா வண்டல், ஸ்க்ரூ டிரைவரால நோண்ட நோண்ட வருது. என் மெக்கானிக் பாய் விரல்ல கொஞ்சம் எடுத்து மோந்து பாத்துட்டு "இது ரேடியேட்டர் தண்ணி இல்லடா, ஆத்துத் தண்ணி"ன்னாரு. அப்புறம் என்ன, ரீபோர் (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குறது), அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன், கிளட்ச், சைலன்சர், வயரிங்னு இழுத்து மொத்தம் 1,14,000 ஆச்சு. இன்ஜின் விலை அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல பாருங்க. இன்ஜின் மாத்துறதுன்னாலே இந்தக் கணக்குதான் வரும், உங்க மெக்கானிக் சொன்ன தொகை வெறும் இன்ஜினுக்கா எல்லாம் சேத்தான்னு முதல்ல கேளுங்க.

ஓட்ட நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா எங்க ஓட்டுறது? அரியாங்குப்பம் தாண்டவே அரை மணி நேரம், அதுக்கப்புறம் பேரிகேடு, ஸ்பீடு பிரேக்கர், முள்ளோடையில ஒயின்ஷாப்ல இருந்து ரோட்டைப் பாக்காமலே கிராஸ் பண்றவங்க. மூணாவது கியர்ல முழுசா மிதிச்சது வாரத்துக்கு ஒரு தடவை இருந்தா அதிகம்.

இப்ப உங்க வண்டிக்கு வரேன். ஸ்டார்ம்ல இருக்குறது ரெனால்ட்டோட 1149 சிசி டி7எஃப் இன்ஜின், 60 குதிரை, எட்டு வால்வு, ரொம்ப சிம்பிளான சாதனம். அந்த வண்டி நம்மூர்ல அபூர்வம்தான், ஆனா இதே இன்ஜின் ஐரோப்பாவுல கிளியோ, ட்விங்கோன்னு ஏகப்பட்ட வண்டியில வந்தது, அதனால பிஸ்டன் ரிங், கேஸ்கெட், டைமிங் பெல்ட் எல்லாம் ஆர்டர் பண்ணி வரவழைக்கலாம். "ஸ்பேர் கிடைக்காது சார்"னு உங்க மெக்கானிக் சொன்னா, அவருக்குத் தேட நேரம் இல்லன்னு அர்த்தம்.

முதல்ல கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்க, அதாவது பிளக் ஓட்டையில கேஜ் வச்சு ஒவ்வொரு சிலிண்டர்லயும் எவ்வளவு அழுத்தம் வருதுன்னு பாக்குறது. இன்ஜினை சூடாக்கிட்டு நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு கிராங்க் பண்ணணும். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும், 10, 15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. ஏதாவது ஒண்ணு கம்மியா இருந்தா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு திரும்ப எடுங்க, ரீடிங் ஏறுனா ரிங் தேஞ்சிருக்கு, ஏறவே இல்லன்னா வால்வு பக்கம் பிரச்சனை. காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் நீலப் புகைன்னா பெரும்பாலும் வால்வு சீல்தான், அது சில ஆயிரத்துல முடியுற வேலை. மிதிக்க மிதிக்க நீலமா வந்தா ரிங். வெள்ளையா வந்து கூலன்ட்டும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட். இதுல எதுக்குமே வேற இன்ஜின் தேவையில்ல.

அடுத்து, இது ரொம்ப முக்கியம், வண்டியை லிஃப்ட்ல ஏத்தி அடியில பாருங்க. பாடி ஃபைபர்கிளாஸ், அது துருப்பிடிக்காது, வாக்ஸ் போட்டா ஷோரூம் மாதிரி பளபளங்கும். அடியில இருக்குற இரும்பு அப்படி இல்ல. தேவனாம்பட்டினம் பக்கத்துல உப்புக் காத்துல நின்ன வண்டியா, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல்னு எதுலயாவது தண்ணியில நின்னுச்சான்னு முன்னாடி வச்சிருந்தவங்ககிட்ட கேளுங்க. சுத்தியால மெல்ல தட்டிப் பாருங்க, டங்குன்னு கேக்காம சொத்தைப் பல்லு மாதிரி மந்தமா கேட்டா காசு பூரா அங்கதான் போகணும், இன்ஜினுக்கு இல்ல.

சரி, எல்லாம் நல்லா இருக்கு, ஆசை விடலன்னு வச்சுக்குவோம். எனக்காவது சுசூகி வண்டியில சுசூகி இன்ஜின். உங்களுக்கு ரெனால்ட் மவுன்ட்டை அறுத்துட்டு புதுசா வெல்டு பண்ணணும். சக்கரத்தைச் சுத்துற டிரைவ் ஷாஃப்ட் ஒரு முனை சுசூகி கியர்பாக்ஸுக்கு, மறு முனை பழைய ஹப்புக்கு, ரெண்டு ஷாஃப்டை வெட்டி ஒட்டுறதுக்கு லேத்துல ஆள் இருக்காங்க, ஆனா அந்த வெல்டை நம்பி 100-ல போக நான் தயாரா இல்ல. வயரிங், ஈ.சி.யூ. (இன்ஜினோட கம்ப்யூட்டர்), சென்சார் எல்லாம் ஒரே வண்டியில இருந்து வரணும், கடையில ஒயரை நடுவுல வெட்டித்தான் விப்பாங்க. பிரேக்கை யாரும் நினைக்கவே மாட்டாங்க. 80-ல போன வண்டி 110-ல போனா நிறுத்த வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, டிஸ்க்கு அதே பழைய டிஸ்க்கு.

இதையெல்லாம் தாண்டுனாலும் சட்டம் நிக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த ஸ்பெக்குக்கும் ஆர்.சி.க்கும் மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. அதே மேக் அதே டைப் இன்ஜின்னா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி புது நம்பரை ஆர்.சி.ல ஏத்திக்கலாம், ரெனால்ட்டை எடுத்துட்டு சுசூகி வச்சா அந்த வழி கிடையாது. நாளைக்கு எங்கயாவது இடிச்சா இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு கை கழுவ இது ஒண்ணே போதும். அப்புறம் பி.ஒய். நம்பரை வச்சு 12 மாசத்துக்கு மேல கடலூர்லயே ஓட்டப் போறீங்கன்னா என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லைன்னு சான்று) வாங்கி டி.என். (தமிழ்நாடு) நம்பர் மாத்தணும், அங்கயும் இன்ஜின் நம்பரைப் பாப்பாங்க.

நான் மாட்டிக்கிட்டதும் அந்த இன்ஜின் நம்பர்லதான். 2018-ல 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. ரெனியூவலுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் சேஸ் நம்பரை பென்சில்ல தேச்சு எடுத்துட்டு, டார்ச் அடிச்சு இன்ஜின் நம்பரைப் பாத்தாரு, ஆர்.சி.யைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "இது யார் வண்டி இன்ஜின் சார்?" அவ்வளவுதான் கேட்டாரு, எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

நல்லவேளை எஸ்டீமோட பழைய 1.3 இன்ஜினை காயலான் கடைக்குப் போடாம மாடிப்படிக்கு அடியில தார்ப்பாய் சுத்தி வச்சிருந்தேன். ரிங், பேரிங், வால்வு சீல் மாத்தி, ஹெட்டை ஃபேஸிங் பண்ணி 36,000-ல திரும்ப வண்டிக்குள்ள போச்சு, இன்னிக்கு வரைக்கும் புகை இல்லாம ஓடுது. உங்க வண்டியில பிளாக்கே வெடிச்சிருந்தா மட்டும் வேற கதை, அப்பவும் அதே டி7எஃப்பா தேடுங்க, ஒரிஜினல் நம்பரோட நிக்கிற ஸ்டார்முக்குத்தான் தேடி வாங்குற ஆள் இருக்காங்க.

அந்த 1.6 இப்ப மாடிப்படிக்கு அடியில அதே இடத்துல கிடக்கு. வீட்டுல அது மேல மிதியடி காயப்போடுறாங்க.